இழுத்த படலமும் நமத்த அப்பளமும்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிவாக்கில் இரண்டு எண்கள் கிடைத்தன: 2.7 மெகா ஓம், 14.2 மெகா ஓம். இரண்டும், பேட்டரிகளில் பயன்படும் ஒரு பாலிமரில் நான் ஊற்றிச் செய்த ஒரே படலத் துண்டின் மின்தடைகள். 10 மி.மீ. சதுரத் துண்டு அது. தங்கப் பூச்சுப் பட்டைகளின் மேல் முதலில் நேராக வைத்து அளந்தேன், பிறகு அதையே 90 டிகிரி திருப்பி வைத்து அளந்தேன். படலத்தை இழுத்த திசையில் மின்தடை குறைவாக இருந்தது, குறுக்குத் திசையில் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. நான்கு முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டு எண்களும் அங்கேயே நின்றன. அக்டோபரில் தொடங்கிய வேலை, எட்டாவது மாதத்தில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் ஒரு முறை முழுக்கத் தவறான முடிவை உண்மை என்றே நம்பிக் கொண்டாடினேன். அந்தத் தவறு எப்படி நடந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். பாலிஎத்திலீன் ஆக்சைடு (இனி பி.இ.ஓ.) என்ற பாலிமரில் லித்தியம் உப்பைக் கரைத்துப் படலமாக ஊற்றினால், திரவமே இல்லாமல் அயனிகள் அதற்குள் நகரும். இப்படிப்பட்ட கலவைகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று 1973-75 ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட் குழுவினர் காட்டினார்கள். பேட்டரிக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1978இல் பிரான்சின் மிஷெல் அர்மான் முன்வைத்தார். பாரிசில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகை மின்கார்களில் இருந்ததும் இந்தக் குடும்பத்துப் பாலிமர் பேட்டரிதான். ஆனால் அதைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். பி.இ.ஓ. சுமார் 65 டிகிரிக்குக் கீழே படிகமாக இறுகிவிடும், அயனிகளின் ஓட்டம் மந்தமாகிவிடும். படலத்தை இழுத்து நீட்டினால் பாலிமரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே பக்கமாக அடுக்கப்பட்டு, அந்தத் திசையில் அயனிகள் எளிதாக ஓடும் என்று டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் கோலோட்னிட்ஸ்கி, பெலட் குழுவினர் 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் லித்தியம் அயோடைடு கலந்த படலங்களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. நான் மலேசியாவின் பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர். மாலையில் எல்லோரும் போன பிறகு கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் உலர் அறைப்பெட்டியில் (ஈரம் புகாமல் மூடி, கையுறை வழியாக வேலை செய்யும் பெட்டி) எனக்கு இடம் கிடைக்காது. அது ஆராய்ச்சி மாணவர்களுக்கு வரிசை போட்டுக் கொடுக்கப்படுவது.

படலம் ஊற்றுவது எளிதாகவே இருந்தது. 50 லட்சம் மூலக்கூறு எடையுள்ள பி.இ.ஓ. 1.00 கிராம், லித்தியம் டி.எஃப்.எஸ்.ஐ. உப்பு 0.326 கிராம். பாலிமரில் உள்ள இருபது ஆக்சிஜன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கு அது. 30 மி.லி. அசிட்டோநைட்ரைலில் ஒரு நாள் முழுக்கக் கலக்கினால் பாகு பதத்துக்கு வரும். 10 செ.மீ. விட்டமுள்ள டெஃப்லான் தட்டில் ஊற்றி, மேலே துளையிட்ட அலுமினியத் தாளை மூடி, புகைபோக்கிக் கூண்டுக்குள் இரண்டு நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்து வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே குமிழி விடும். என் முதல் மூன்று தட்டுகள் அப்படித்தான் வீணாயின. அசிட்டோநைட்ரைல் ஆவி நச்சு. வீட்டில் யாரும் இதை முயல வேண்டாம். அப்புறம் 60 டிகிரியில் வெற்றிட அடுப்பில் 24 மணி நேரம். கடைசியில் கிடைத்த படலம் சுமார் 142 மைக்ரான் தடிமன், பால் கலந்த கண்ணாடி போன்ற நிறம், விரலில் லேசாக ஒட்டும்.

முதல் சோதனை அக்டோபரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில். ஒரு கீற்றை வெட்டி, இரண்டு முனையையும் கையால் பிடித்து இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, ஒரு அட்டைச் சட்டத்தில் ஒட்டி, மின்மறுப்பு அளவியில் (மாறுமின்னோட்டம் செலுத்தித் தடையை அளக்கும் கருவி) மாட்டினேன். கடத்துத்திறன், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் திறன், ஒன்பது மடங்கு ஏறியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் செய்தேன், பத்து மடங்கு. அதற்கு மறுநாள் ஆறு மடங்கு. எண் மாறுகிறதே என்று கொஞ்சம் உறுத்தியது. இழுத்த அளவில்தான் வித்தியாசம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம், வீட்டில் அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் பொரித்தது டப்பாவில் மீதி இருந்தது. எடுத்துக் கடித்தால் தோல் மாதிரி வளைந்தது. எண்ணெய் சரியில்லையா என்று கேட்டேன். “எண்ணெய்ல ஒண்ணும் இல்லடா. மழை நாள்ல மூடியத் திறந்து வெச்சா, அப்பளம் நமத்துப் போவாம என்ன செய்யும்?” என்றார். நமத்த அப்பளத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். என் படலத்தில் இருக்கும் லித்தியம் உப்பு அப்பளத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை இழுக்கும் பொருள். நான் அதைத் திறந்த அறையில் வைத்து முக்கால் மணி நேரம் கட்டிப் பூட்டி அளந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரு வேலைதான் செய்தேன். இழுத்த கீற்றுக்குப் பக்கத்தில் இழுக்காத கீற்று ஒன்றையும் மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டையும் அளந்தேன். நாற்பதாவது நிமிடத்தில், யாரும் தொடாத அந்தக் கீற்றின் கடத்துத்திறனும் ஏழு மடங்கு ஏறியிருந்தது. ஒன்பதில் ஏழு பினாங்குக் காற்றின் பங்கு. மீதியில் எவ்வளவு இழுவையால் வந்தது என்று அந்த அளவுகளை வைத்துச் சொல்லவே முடியாது. ஒரு மாதக் குறிப்புகளின் மேல் சிவப்புக் கோடு போட்டேன். இழுக்காத கீற்றை முதல் நாளே பக்கத்தில் வைத்திருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து அந்தத் துணைக் கீற்று இல்லாமல் ஓர் அளவுகூட எடுத்ததில்லை.

அடுத்த வேலை, உலர்ந்த பெட்டி கட்டுவது. 45 லிட்டர் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி 35 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பக்கச் சுவரில் இரண்டு துளை போட்டு, நான்கு அங்குலப் பி.வி.சி. குழாய் வளையங்களைப் பதித்து, அவற்றில் நீள ரப்பர் கையுறையை (28 வெள்ளி) இழுத்துக் கட்டினேன். மூடியின் விளிம்பில் கதவுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை வைத்தேன், காற்று கசிந்தது. அதைப் பிய்த்துவிட்டு சிலிகான் குழாயைப் பிளந்து மாட்டியதும் நின்றது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை மணிகள் ஒரு கிலோ, 45 வெள்ளி. மணிகளை வாங்கியவுடன் அப்படியே போடக் கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் மூட்டை திறந்தே இருந்திருக்கிறது, மணிகள் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்திருந்தன. ஆய்வகச் சூளையில் 300 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்த பிறகுதான் வேலை செய்தன. இதோடு ஆய்வகத்து உலர் நைட்ரஜன் குழாயிலிருந்து மெல்லிய ஓட்டம்.

மலிவு விலை ஈரமானி 10 சதவீதத்துக்குக் கீழே எதையும் காட்டாது. 10 சதவீதத்துக்குக் கீழேதான் என் கவலையே. அதனால் துணைக் கீற்றையே ஈரமானியாக வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் அதன் மின்தடை 3 சதவீதத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் மட்டும் அன்றைய வேலையைத் தொடங்குவது, இல்லாவிட்டால் பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போவது. இந்தக் கட்டுப்பாட்டால் பல மாலைகள் வெறுங்கையோடு திரும்பினேன். இருந்தாலும் அந்த விதியை மட்டும் தளர்த்தவில்லை.

இழுக்கும் சட்டம்தான் அதிகக் காலம் எடுத்தது. இரண்டு அலுமினியக் கோணப் பட்டைகள், நடுவில் எம்-6 மரைத் தண்டு (ஒரு மீட்டர் 9 வெள்ளி). அதன் மரை இடைவெளி சரியாக 1 மி.மீ., ஆகவே ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். தண்டைப் பெட்டிச் சுவரில் ரப்பர் வளையம் வழியாக வெளியே எடுத்துக் கைப்பிடி மாட்டினேன். மூடியைத் திறக்காமலே சுற்றலாம். இதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் படலத்தைப் பிடிப்பதில் இருந்தது. தட்டையான தாடைகளில் 400 எண் உப்புத்தாள் ஒட்டிப் பார்த்தேன், பிடித்த இடத்திலேயே கிழிந்தது. 1 மி.மீ. சிலிகான் தாள் வைத்தேன், வழுக்கி வெளியே வந்தது. இன்னும் இறுக்கினேன், தாடைக்குள்ளேயே படலம் நசுங்கிப் பிதுங்கியது.

பிறை என்ற ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் ஒரு துண்டுப் படலத்தை எடுத்துப் போனேன். பித்தளையில் பல் வெட்டிய தாடை செய்து தரச் சொல்லிக் கேட்கத்தான் போனது. அவர் துண்டை வாங்கி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பார்த்தார். பெருவிரலால் அழுத்தினார், அழுத்திய இடம் கண்முன்னே பரவியது. “தம்பி, இது சதை மாதிரி. எவ்வளவு இறுக்கினாலும் நழுவத்தான் செய்யும். ஃபெரி கட்டுறத பாத்திருக்கியா? கயித்த யாராச்சும் இறுக்கிப் பிடிக்கிறாங்களா? முளையில ரெண்டு சுத்து சுத்தி விடுவாங்க. அதுவே பிடிச்சிக்கும்” என்றார். பல்வெட்டும் யோசனையைக் கைவிட்டோம். 6 மி.மீ. பித்தளைத் தண்டில் நீளவாக்கில் ஒரு பிளவு போட்டுக் கொடுத்தார். படலத்தின் முனையை அந்தப் பிளவில் செருகி, ஒன்றரைச் சுற்று சுற்றி, பக்கத் திருகால் பூட்ட வேண்டும். படலம் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது என்பதால் இழுக்க இழுக்க இன்னும் உறுதியாகப் பிடித்தது. இரண்டு தண்டுக்கும் 60 வெள்ளி. அதன் பிறகு ஒரு கீற்றுகூட நழுவவில்லை. அவர் பாலிமர் படித்தவர் இல்லை. பொருளைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். நான் மூன்று வாரம் தாடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், பிடிக்க வேண்டிய பொருளைப் பார்க்கவில்லை.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முனையிலும் சுற்றுக்கே 28 மி.மீ. போய்விடும். 95 மி.மீ. கீற்றில் நடுவில் எஞ்சுவது 40 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த அடுத்த வாரம் முதல் உலர் இழுவை. அறை வெப்பத்தில் இழுத்தேன். கீற்று ஓர் இடத்தில் மட்டும் திடீரென இடுப்பு ஒடுங்கி வெளுத்தது. இரண்டு பக்கமும் அசையாமல் இருக்க, அந்த இடுப்பு மட்டும் நீண்டுகொண்டே போனது. சட்டத்தில் உள்ள அளவுகோல் இரண்டு மடங்கு என்றது. ஆனால் இடுப்பில் நாலு மடங்கு, ஓரத்தில் ஒன்றேகால் மடங்கு. எந்தத் துண்டை வெட்டி அளப்பது? இதற்கு இரண்டு மாற்றம் செய்தேன். பெட்டிக்குள் 12 வோல்ட் சூடேற்றியும் 25 வெள்ளித் தெர்மோஸ்டாட் பலகையும் வைத்து, 45 டிகிரியில் இழுத்தேன். வேகத்தையும் பத்து வினாடிக்கு ஒரு சுற்று என்று குறைத்தேன். மூன்று மடங்குக்கு 80 சுற்று, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். கையால் சீராகச் சுற்றுவது தோளுக்குக் கடினம், அடுத்த முறை மோட்டார் வைப்பேன். கூடவே, இழுப்பதற்கு முன் பென்சில் தூளைக் குண்டூசி முனையில் தொட்டு 5 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் வைத்தேன். இழுத்து முடித்ததும் இரும்பு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தால், எந்த இடம் எத்தனை மடங்கு நீண்டது என்று நேரடியாகத் தெரியும். மார்க்கர் பேனாவை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் கரைப்பான் படலத்தில் குழி விழ வைத்துவிட்டது.

தடிமன் அளப்பதிலும் ஒரு கண்ணி இருந்தது. மூன்று மடங்கு இழுத்தால் அகலமும் தடிமனும் குறையும். 142 மைக்ரான் 83 ஆனது. திருகு அளவியை நேரடியாக வைத்தால் மென்மையான படலம் நசுங்கி 70 என்று காட்டும். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் காலை ஏழு மணிக்கே போய் 30 வெள்ளிக்கு ஒரு முள் அளவி வாங்கினேன். அதன் சுருள்வில் மென்மையானது. படலத்தை இரண்டு நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் வைத்து, மொத்தத்தை அளந்து, சில்லுகளின் தடிமனைக் கழித்தேன். முன்பெல்லாம் பழைய தடிமனையே கணக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப் போட்டால் இழுத்த திசையில் 8.9 என்று வர வேண்டிய கடத்துத்திறன் வெறும் 5.2 ஆகிவிடும்.

அளக்கும் பலகை: 10 மி.மீ. நீளமுள்ள இரண்டு தங்கப் பூச்சுப் பட்டைகள், நடுவில் 2 மி.மீ. இடைவெளி. ஐந்து பலகை 70 வெள்ளி. அதே அண்ணன் செய்து கொடுத்த சதுர வெட்டியால் 10 மி.மீ. துண்டை வெட்டி, பலகை மேல் வைத்து, சிலிகான் தாளும் சுருள்வில்லும் கொண்டு அழுத்துவேன். நான்கு பட்டைகள் வைத்துப் படலத்தைத் திருப்பாமலே இரு திசையிலும் அளக்கலாம் என்று முதலில் திட்டமிட்டேன். ஒரே சோடிப் பட்டையில் துண்டைத் திருப்பி வைப்பதுதான் நம்பகமாக இருந்தது. பட்டையிலோ தடிமனிலோ பிழை இருந்தால்கூட அது இரண்டு அளவிலும் ஒரே மாதிரி வரும். திசைகளுக்கு இடையிலான விகிதம் கெடாது. அளக்கும்போது 30 டிகிரி. அங்கே மூன்று டிகிரி ஏறினாலே எண் கண்ணுக்குத் தெரிய மாறும். அதனால் வெப்பம் நிலைக்க அரை மணி நேரம் காத்திருப்பேன்.

இனி கடத்துத்திறன் எண்கள், எல்லாம் அதன் அலகான செ.மீ.க்கு மைக்ரோசீமென்ஸ் கணக்கில். இழுக்காத படலத்தில் ஒரு பக்கம் 3.1, திருப்பி வைத்தால் 3.0. இரண்டு மடங்கு இழுத்ததில் இழுத்த திசையில் 5.4, குறுக்கே 2.2. மூன்று மடங்கில் 8.9, குறுக்கே 1.7. நான்கு மடங்கை எட்டிய கீற்று ஒன்றுகூட முழுசாகக் கிடைக்கவில்லை. மூன்று மடங்கை ஐந்து கீற்றில் செய்தேன். விகிதம் நான்கரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருந்தது.

அதையும் உடனே நம்பவில்லை. ஒன்பது மடங்கை நம்பிய அனுபவம் இருக்கிறதே. இழுவைதான் காரணம் என்றால் இழுவையை அழித்தால் வித்தியாசமும் அழிய வேண்டும். அளந்த துண்டைப் பெட்டிக்குள்ளேயே இரண்டு டெஃப்லான் தாளுக்கு நடுவில் வைத்து 75 டிகிரிக்குச் சூடாக்கி, படிகம் முழுக்க உருகிய பிறகு மெல்ல 30க்குக் கொண்டுவந்தேன். துண்டு இழுத்த திசையில் சுருங்கித் தடித்தது. புதிதாகத் தடிமன் அளந்து, நிலைக்க ஒரு நாள் விட்டு, திருப்பித் திருப்பி வைத்து அளந்ததில் 3.3, 3.2. ஈரம் ஏறியிருந்தால் இரண்டு திசையிலும் எண் சேர்ந்தே உயர்ந்திருக்கும், குறுக்கே குறைந்திருக்காது. வடிவக் கணக்கில் பிழை என்றால் திசை வித்தியாசம் இப்படி மறைந்திருக்காது. போன ஞாயிறு அளந்த துண்டோடு தொடங்கியது இந்தச் சோதனையின் மூன்றாவது சுற்று. அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

இதிலிருந்து பேட்டரிக்கு என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பேட்டரியில் அயனி படலத்தின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு, தடிமன் வழியாகப் போக வேண்டும். நான் நீளவாக்கில் இழுத்து வேகமாக்கிய பாதை அதற்குச் செங்குத்தானது. துருப்பிடிக்காத எஃகு வில்லைகளுக்கு நடுவில் வைத்துத் தடிமன் வழியாகவும் அளந்தேன். இழுக்காததில் 2.9, மூன்று மடங்கு இழுத்ததில் 1.8. கடத்துத்திறன் விழுந்துவிட்டது. ஆனால் தடிமன் 142லிருந்து 83 ஆனதால், அயனி கடக்க வேண்டிய தூரமும் குறைந்துவிட்டது. தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்துப் பார்த்தால் 142க்கு 2.9 என்றால் 49, 83க்கு 1.8 என்றால் 46. ஒரே பரப்பளவுக்கு மின்தடை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இழுத்ததால் பேட்டரிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. டெல் அவிவ் குழுவினர் ஏன் காந்தப் புலத்தில் வைத்துப் படலம் ஊற்றவும் முயன்றார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. சங்கிலிகளைப் படலத்துக்குச் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள்.

என்னிடம் அப்படிப்பட்ட காந்தம் இல்லை. அதனால் வேறு வழியில் முயல்கிறேன். மூன்று மடங்கு இழுத்த துண்டுகளை ஒரே திசை பார்த்து அறுபது அடுக்காக அடுக்கி, 45 டிகிரியில் இரண்டு கிலோ எடை வைத்து ஒரு இரவு அழுத்தினேன். 5 மி.மீ. உயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு கட்டி வந்தது. அதை இழுத்த திசைக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாகச் சீவினால், வேகமான பாதை ஒவ்வொரு வில்லையின் தடிமன் வழியாக அமையும். புதன்கிழமை சவரத் தகட்டால் சீவிப் பார்த்தேன். 30 டிகிரியில் கட்டி வெட்டுப்படவில்லை, தகட்டோடு இழுபட்டுப் பூசிக்கொண்டது. குளிர வைத்துத்தான் சீவ வேண்டும். குளிர்ந்த பொருளின் மேல் ஈரம் வியர்க்காமல் இருக்க பெட்டி இப்போது இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் மணிகளை மறுபடி சூளையில் போட்டு, இன்னொரு கிலோ வாங்கிச் சேர்க்கப் போகிறேன். கட்டி உள்ளேயே இருக்கிறது, பக்கத்தில் துணைக் கீற்றோடு.